ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ: மாடி டேங்க் முதல் மேட்டூர் அணை வரை ஒரே கணக்கு

காரிமங்கலம் பக்கம் புது வீடு கட்டுகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: “மொட்டைமாடியில் 2,000 லிட்டர் டேங்க் வைக்கச் சொல்கிறார் மேஸ்திரி. நிரம்பினால் எத்தனை கிலோ வரும்? கன மீட்டர், லிட்டர், கிலோ இவற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவது? பால், எண்ணெய், டீசலுக்கும் இதே கணக்குதானா?”

முதலில் நேரடியான பதில். 2,000 லிட்டர் தண்ணீர் 2,000 கிலோ, அதாவது 2 டன். டேங்கின் சொந்த எடை அதற்கு மேல். தண்ணீர் என்றால் லிட்டரைக் கிலோவாகவும் கிலோவை லிட்டராகவும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பாலுக்கு ஏறத்தாழ சரிவரும். எண்ணெய்க்கும் டீசலுக்கும் சரிவராது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதக் காரணம் இருக்கிறது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தண்ணீரை லோடு கணக்கில் வாங்குகிறோம், அடிக் கணக்கில் போர் போடுகிறோம், கனஅடியில் செய்தி கேட்கிறோம், லிட்டரில் குடிக்கிறோம். இத்தனைக்கும் நடுவில் எடை மட்டும் யார் கவனத்துக்கும் வருவதில்லை. “ரெண்டாயிரம் லிட்டர்” என்று சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. “ரெண்டு டன்” என்று சொல்லிப் பாருங்கள், மேஸ்திரியே ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10 × 10 × 10, ஆக 1,000 கன சென்டிமீட்டர். அதுதான் ஒரு லிட்டர். அதில் நிறையும் தண்ணீர் ஒரு கிலோ. இந்த ஒரு பெட்டி போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும். இதை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு கன சென்டிமீட்டர். அதுவே ஒரு மில்லிலிட்டர், அதன் எடை ஒரு கிராம். ஊசி மருந்தில் ‘சி.சி.’ என்கிறார்களே, அதுவும் இதுதான். இதே பெட்டிகளை நீளவாக்கில் 10, அகலவாக்கில் 10, மேலே 10 என்று அடுக்கினால் ஒரு கன மீட்டர். 1,000 பெட்டி, 1,000 லிட்டர், 1,000 கிலோ, ஒரு டன்.

பலர் தடுமாறுகிற இடம் இங்கேதான். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் ஒரு கன மீட்டருக்கும் 100 கன செ.மீ. என்று மனம் அவசரப்படும். நீளம் நூறு மடங்கு ஆனால் பரப்பு பத்தாயிரம் மடங்கு, கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு. ஒரு கன மீட்டரில் 10 லட்சம் மி.லி. இருக்கிறது. இதை ஒருமுறை தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

லிட்டரும் கிலோவும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயல் இல்லை. பொருந்த வேண்டும் என்றே அமைத்தார்கள். பிரான்சில் 1795-ல் வந்த சட்டம், ஒரு கன சென்டிமீட்டர் தூய தண்ணீரின் எடையைத்தான் கிராம் என்று வகுத்தது. பனி உருகும் வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்றார்கள். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில் என்பதால் பிறகு அந்த வெப்பநிலைக்கு மாறினார்கள். 1799-ல் அந்த அளவுக்கு ஒரு பிளாட்டினக் கட்டியைச் செய்து, அதையே கிலோ என்று வைத்தார்கள். அது நினைத்ததைவிடத் துளி கனமாக அமைந்துவிட்டது. எவ்வளவு துளி என்றால், 1901-ல் “ஒரு கிலோ தண்ணீர் பிடிக்கும் இடம்தான் லிட்டர்” என்று வரையறுத்தபோது, லிட்டர் 1,000 கன செ.மீ.க்குப் பதில் 1,000.028 கன செ.மீ. என்று ஆனது. 1964-ல் அந்த வரையறையைக் கைவிட்டு, லிட்டர் என்றால் மிகச் சரியாக 1,000 கன செ.மீ. என்று முடித்துவிட்டார்கள். 2019 மே 20 முதல் கிலோவுக்கும் தண்ணீரோடோ உலோகக் கட்டியோடோ சம்பந்தம் இல்லை. பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் எண்ணை வைத்து வரையறுக்கிறார்கள். ஆகவே சட்டப்படி பார்த்தால் லிட்டரும் கிலோவும் இன்று தனித்தனி. நடைமுறையில் தண்ணீர் அவற்றை இன்னும் சேர்த்தே வைத்திருக்கிறது.

சூட்டுக்கு ஏற்ப இது மாறாதா என்றால், மாறும். 4 டிகிரியில் ஒரு கன மீட்டர் தண்ணீர் 999.97 கிலோ. 20 டிகிரியில் 998.2. சித்திரை வெயிலில் மாடி டேங்கில் 35 டிகிரிக்குச் சூடேறிய தண்ணீர் 994 கிலோ. கொதிக்கிற தண்ணீர் 958 கிலோ. ஆயிரம் கிலோவில் ஆறு கிலோ குறைவது வீட்டுக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. ஓசூரில் ஏதாவது ஆய்வகத்தில் திரவத்தைத் துல்லியமாக அளந்தெடுக்கும் பிப்பெட் குழாயைத் தராசில் வைத்துச் சரிபார்க்கிறவர்கள் மட்டும் வெப்பநிலை அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஆயிரத்துக்கு ஆயிரம் என்றே போடுங்கள்.

இப்போது உங்கள் மாடிக்கு வருவோம். இங்கே மொத்த எடையைவிட முக்கியமானது ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 10 லிட்டர், அதாவது 10 கிலோ. தண்ணீர் எத்தனை செ.மீ. நிற்கிறதோ அதைப் பத்தால் பெருக்குங்கள், சதுர மீட்டருக்கு அத்தனை கிலோ. டேங்க் குட்டையா, அகலமா, யார் செய்தது என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. 2,000 லிட்டர் டேங்கின் அடிப்பக்கம் 1.4 மீட்டர் விட்டம் என்றால் பரப்பு சுமார் 1.54 சதுர மீட்டர். தண்ணீர் 1.3 மீட்டர் உயரம் நிற்கும். சதுர மீட்டருக்கு 1,300 கிலோ.

இதை எதோடு ஒப்பிடுவது? இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் பாரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 150. குடியிருக்கும் தளத்துக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. உங்கள் டேங்க் இறக்கப்போவது 1,300. டேங்கைத் தளத்தின் நடுவில், அறையின் நட்டநடு மேலே வைக்கக் கூடாது என்று பொறியாளர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். பாரம் நேராகத் தூணுக்கோ சுவருக்கோ இறங்க வேண்டும். படிக்கட்டு அறைக்கு மேலே நான்கு பக்கமும் சுவரும் பீமும் இருக்கிற இடம் பெரும்பாலும் தோதாக இருக்கும். அங்கேயும் டேங்குக்கென்றே பீம் கொடுத்து மேடை கட்ட வேண்டும். வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், அது நல்ல நேரம். கம்பி கட்டுவதற்கு முன்னால் பொறியாளரிடம் “இந்த இடத்தில் ரெண்டு டன் வரப்போகிறது” என்று எடையாகச் சொல்லுங்கள். வரைபடத்தில் அதை எழுதி வாங்குங்கள். வீடு முடிந்து ஐந்தாறு வருடம் கழித்து “ஆயிரம் பத்தவில்லை, இன்னொரு டேங்க் வைத்துவிடலாம்” என்று யோசிக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். பழைய மேடை ஒரு டேங்குக்குப் போட்டது. இன்னொன்றைப் பக்கத்தில் வெறும் தளத்தில் செங்கல் அடுக்கி வைப்பது ஆபத்து.

டேங்கைப் பற்றி யோசிக்கிறவர்கள்கூட மழைத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருக்கிறது, மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கிறது, மழை விடாமல் பெய்கிறது என்று வையுங்கள். 10 செ.மீ. தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர்; மொத்தம் 9.3 டன். 15 செ.மீ. தேங்கினால் மேலே சொன்ன 150 கிலோ வரம்பை முழுவதும் தண்ணீரே எடுத்துக்கொண்டுவிடும். ஐப்பசிக்கு முன்னால் அந்தக் குழாய் வாயைச் சுத்தம் செய்து வைப்பது வீட்டின் உறுதியைப் பற்றிய வேலை. ஒழுகலைத் தடுக்கும் வேலை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

அதே மாடியில் நல்லதும் இருக்கிறது. 93 சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர். நம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை என்று எடுத்துக்கொண்டால் 79,000 லிட்டர் உங்கள் மாடியிலேயே விழுகிறது. முழுவதையும் பிடிக்க முடியாது. பாதியைப் பிடித்தாலே எத்தனை டேங்கர் மிச்சம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

தொட்டி, கிணறு, டேங்கர் எதையும் மீட்டரில் அளந்தால் வேலை பாதியாகக் குறையும். தரைமட்டத் தொட்டி உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கிற உயரம் 1.5 மீட்டர் என்றால் பெருக்கினால் 6.48. புள்ளியை மூன்று இடம் தள்ளுங்கள்: 6,480 லிட்டர். புள்ளியைத் தள்ளாமல் விட்டால் 6.48 டன். அடியில் அளந்திருந்தால் கனஅடியை 28.317-ஆல் பெருக்க வேண்டும். 8 × 6 × 5 அடி தொட்டி 240 கனஅடி, அது 6,796 லிட்டர். சுவரின் வெளிப்பக்கத்தை அளந்துவிடாதீர்கள். பூச்சுக்கு உள்ளே, வழிந்தோடும் குழாய் வரைக்கும்தான் கணக்கு.

வட்டமானதற்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 0.785-ஆல் பெருக்குங்கள், அது பரப்பு. பிறகு ஆழத்தால் பெருக்குங்கள். 9 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 63.6 கன மீட்டர், அதாவது 63,600 லிட்டர் இருக்கிறது. மோட்டார் ஓடி ஒரு மீட்டர் இறங்கினால் நீங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு பாய்ச்சினீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும், ஊற்று வருவது தனி.

டேங்கர் விஷயம் காசோடு சம்பந்தப்பட்டது, ஆகவே கவனமாகப் பாருங்கள். படுக்கைவாட்டு உருளையின் உள்விட்டம் 1.3 மீட்டர், நீளம் 3 மீட்டர் என்றால் 0.785 × 1.3 × 1.3 × 3, ஏறத்தாழ 3.98 கன மீட்டர். அது 4,000 லிட்டர் டேங்கர். பக்கவாட்டில் 5,000 என்று எழுதியிருந்தாலும் 4,000தான். அதே விட்டத்தில் 5,000 வேண்டுமென்றால் நீளம் 3.77 மீட்டர் இருக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: படுத்திருக்கும் உருளையில் தண்ணீர் பாதி உயரம் நின்றால் பாதி அளவு, அது சரி. கால் உயரம் நின்றால் கால்வாசி இல்லை, 19.6 சதவீதம்தான். முக்கால் உயரம் நின்றால் 80.4 சதவீதம். அடியும் மேலும் குறுகி, நடு அகன்று இருப்பதால் இப்படி. குச்சியை விட்டு உயரம் பார்த்து “கால் டேங்க் இருக்குங்க” என்று சொல்கிறவரிடம் வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

5,000 லிட்டர் டேங்கரை இழுக்கிற டிராக்டர் 5 டன் தண்ணீரையும் டேங்கரின் இரும்பையும் சேர்த்து இழுக்கிறது. முழுதாக நிரம்பிய டேங்கரில் தண்ணீருக்கு அசைய இடமில்லை. பாதி நிரம்பியதில் இரண்டரை டன் தண்ணீர் முன்னும் பின்னும் அலையடிக்கும். பிரேக் போட்டதும் அந்த எடை முழுவதும் முன்னால் வந்து மோதும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாயும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எந்தத் திரவத்தை ஏற்றிய லாரிக்கும் இது உயிர்ப் பிரச்சினை. டேங்கருக்குள்ளே குறுக்குத் தடுப்புத் தகடுகள் வைப்பது இந்த அலையை உடைக்கத்தான்.

நம் மாவட்டங்களில் லிட்டர்-கிலோ கணக்கு அதிகம் பயன்பட வேண்டிய இடம் போர்வெல். ஆயிரம் அடி என்பது இங்கே சாதாரணப் பேச்சாகிவிட்டது. அது 305 மீட்டர். மோட்டார் 240 மீட்டரில் தொங்குகிறது, தண்ணீர் மட்டமும் அதன் அருகிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டரை மேலே கொண்டுவருவது என்றால் ஒரு டன் எடையை 240 மீட்டர் தூக்குவது. ஒரு யூனிட் மின்சாரம், எந்த இழப்பும் இல்லாவிட்டால், ஒரு டன்னை 367 மீட்டர் தூக்கும். இந்த 367-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பம்ப் கணக்குக்கு அருமையான எண். டன்னை மீட்டரால் பெருக்கி 367-ஆல் வகுத்தால் யூனிட். இங்கே 240-ஐ 367-ஆல் வகுத்தால் 0.65 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால் 1.6 யூனிட்டுக்கு மேல். குழாயின் உராய்வு அதற்கும் மேல். 30 மீட்டர் கிணற்றிலிருந்து எடுத்தால் இதில் எட்டில் ஒரு பங்குதான் ஆகும். இலவச மின்சாரத்தில் ஓடுவதால் பம்ப்செட்காரர்கள் இதைப் பார்ப்பதில்லை. வீட்டு மீட்டரில் ஓடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மோட்டாரை வெளியே தூக்கும்போது இன்னொரு எடை வருகிறது. உள்விட்டம் 40 மி.மீ. உள்ள குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.26 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் உள்ள வால்வு தண்ணீரைக் கீழே இறங்க விடாது. ஆகவே குழாய் முழுக்கத் தண்ணீரோடுதான் மேலே வர வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்கும் பகுதியில் உள்ளும் புறமும் தண்ணீர் சமமாக இருப்பதால் அந்த எடை கையில் தெரியாது. மட்டத்துக்கு மேலே இருக்கும் பகுதிதான் முழுப் பாரம். மட்டம் 150 மீட்டரில் இருந்தால் 189 கிலோ தண்ணீர், 240 மீட்டரில் இருந்தால் 300 கிலோவைத் தாண்டும். மோட்டார், குழாய், கேபிள் எடை தனி. போன கோடையில் நாலு பேர் இழுத்த அதே போரை இந்தக் கோடையில் இழுக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: தண்ணீர் மட்டம் கீழே போயிருக்கிறது, தொங்கும் எடை கூடியிருக்கிறது. கிளாம்பையும் கயிற்றையும் இந்த எடைக்குப் பார்த்து மாட்டுங்கள். இழுக்கும்போது வாய்க்கு நேரே யாரும் குனியக் கூடாது.

அழுத்தமும் இதே பெட்டியிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு சதுர செ.மீ. பரப்பின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1,000 கன செ.மீ., ஒரு கிலோ. அதனால்தான் 10 மீட்டர் உயரம் என்றால் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம். சொட்டு நீர்க் குழாய்களின் சொட்டிகள் பொதுவாக இந்த ஒரு கிலோ அழுத்தத்தை வைத்துத்தான் “மணிக்கு 4 லிட்டர்” என்று குறிக்கப்படுகின்றன. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிக்கு மேட்டில் தொட்டி கட்டி மோட்டார் இல்லாமல் சொட்டு விடலாம் என்று யோசிப்பவர்கள் தொட்டிக்கும் வயலுக்கும் உயர வித்தியாசம் எத்தனை மீட்டர் என்று முதலில் பாருங்கள். 3 மீட்டர்தான் என்றால் அழுத்தம் 0.3 கிலோ. தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டினாலும் அழுத்தம் கூடாது, உயரம் மட்டுமே கூட்டும். கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டமான 52 அடிக்கும் இதே விதிதான். 15.85 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் ஏறத்தாழ 16 டன். ஏரி எத்தனை மைல் பரந்திருக்கிறது என்பது அந்த எண்ணை மாற்றாது.

லிட்டரும் கிலோவும் ஒன்று என்பதால் நமக்குக் கிடைக்கும் இன்னொரு வசதியைப் பெரும்பாலோர் அறியாமலே பயன்படுத்துகிறார்கள். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டில் ஃப்ளோரைடு “2.4 மி.கி./லிட்டர்” என்று ஒரு இடத்திலும் “2.4 பி.பி.எம்.” என்று இன்னொரு இடத்திலும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றே. பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஒரு கிலோவில் பத்து லட்சம் மில்லிகிராம். ஆகவே ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கரைந்திருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, ஃப்ளோரைடு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது. நம் தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் போர் தண்ணீர் இந்த வரம்பைத் தாண்டியது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அது தெரிந்தது, பெரியவர்களின் மூட்டிலும் எலும்பிலும் தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் சேர்ந்திருப்பது அதனால்தான். ஜப்பான் நிதியுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்த திட்டம் அது.

குடிக்கிற அளவையும் சேர்த்துப் பாருங்கள். லிட்டருக்கு 4 மி.கி. ஃப்ளோரைடு உள்ள தண்ணீரை வயலில் வேலை செய்கிறவர் ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடித்தால் உடம்புக்குள் போவது 12 மி.கி. “காய்ச்சித்தான் குடிக்கிறோம்” என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. 2 லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும். இருந்த மில்லிகிராம் அத்தனையும் மீதி ஒரு லிட்டரில் இருக்கும். 4 என்பது 8 ஆகிவிடும். ஒகேனக்கல் குழாய் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் துணி, பாத்திரம், செடிக்கு. இதில் சமரசம் வேண்டாம்.

மழைக்கும் ஆற்றுக்கும் வருவோம். 1 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஒரு கிலோ. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால் 1 செ.மீ. மழை பெய்தால் ஏக்கருக்கு 40 டன்னுக்கு மேல் இறங்குகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. ஒரு சென்ட் நிலத்துக்கு 20 டன், ஒரு ஏக்கருக்கு 2,000 டன், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 5 லட்சம் டன். நிறுத்தியிருந்த கார், வேன்களைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போன காட்சியை எல்லோரும் பார்த்தோம். “அவ்வளவு பெரிய வண்டியை எப்படி?” என்று கேட்டவர்கள் உண்டு. 900 கிலோ எடையுள்ள சின்ன கார், அடிப்பக்கப் பரப்பு 3.5 × 1.5 மீட்டர், அதாவது 5.25 சதுர மீட்டர். 900-ஐ அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 171 கிலோ. செ.மீ.க்குப் பத்து கிலோ என்ற கணக்கில், காரின் அடித்தகட்டுக்கு மேலே 17 செ.மீ. தண்ணீர் ஏறினாலே கார் மிதக்கும் நிலைக்கு வந்துவிடும். அடித்தகடு தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருந்தால் மொத்தம் 34 செ.மீ. முழங்காலுக்கும் கீழே. உள்ளே தண்ணீர் புகுந்தால் மிதப்பு குறையும், ஆனால் அதற்குள் டயருக்குத் தரைப்பிடி போய்விடும், ஓட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது “கொஞ்சம்தானே” என்று வண்டியை இறக்க வேண்டாம்.

ஒகேனக்கல் செய்தியில் வரும் கனஅடி என்பது ஒரு நொடிக்கு இத்தனை கனஅடி. ஒரு கனஅடி 28.3 லிட்டர், நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை வாட்டர் கேன். ஒரு லட்சம் கனஅடி ஓடினால் நொடிக்கு 2,832 டன். ஆற்றில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போடும்போது முணுமுணுக்கிறவர்கள் இந்த எண்ணை நினைத்துப் பார்க்கலாம். டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி: 2,832 கோடி லிட்டர், 2.83 கோடி டன். நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி.யோடு 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போது அங்கே தேங்கியிருப்பது ஏறத்தாழ 265 கோடி டன். குடிநீர்த் திட்டங்களில் எழுதும் எம்.எல்.டி. இதைவிட எளிது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர், அதாவது 1,000 டன்.

உங்கள் மூன்றாவது கேள்வி. தண்ணீரல்லாத திரவத்துக்கு லிட்டரை அதன் அடர்த்தியால், அதாவது அது லிட்டருக்கு எத்தனை கிலோ என்ற எண்ணால், பெருக்கினால் கிலோ, கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர். பாலின் அடர்த்தி 1.028-லிருந்து 1.032 வரை. 10 லிட்டர் பால் 10.3 கிலோ. பால் சொசைட்டியில் தராசில் கிலோவாக எடை போட்டு லிட்டருக்கு விலை கொடுத்தால் 1.03-ஆல் வகுத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பால்மானியில் 28, 30 என்று காட்டுவது இந்த 1.028, 1.030-இன் கடைசி இலக்கங்கள்தான். 30 காட்டுகிற பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் 27 காட்டும். ஆனால் கொழுப்பை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். அதனால் பால்மானி ஒன்றை மட்டும் வைத்துப் பாலை நல்லது கெட்டது என்று சொல்லிவிட முடியாது, கொழுப்பும் பார்க்க வேண்டும்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் 0.91, 0.92 அளவில் இருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று எழுதியிருப்பது ஏமாற்று இல்லை, சரியான அளவு. செக்கில் கிலோ 300 ரூபாய், கடையில் லிட்டர் 280 ரூபாய் என்றால் செக்கில் வாங்குவதுதான் மலிவு. கிலோ 300 என்பது லிட்டர் 273 ஆகிறது. டீசல் 0.83 சுற்றி, பெட்ரோல் 0.74 சுற்றி. 20 லிட்டர் டீசல் கேன் 16, 17 கிலோதான் வரும். தேன் 1.4, ஒரு கிலோ தேன் புட்டி 700 மி.லி.க்குச் சற்று மேல். பூச்சிமருந்துகளின் அடர்த்தி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. லிட்டருக்கு 2 மி.லி. என்று சீட்டில் இருந்தால் அளவு மூடியில் மி.லி.யாகவே ஊற்றுங்கள், தராசில் கிராமாக நிறுக்காதீர்கள். யூரியா போன்ற தூளுக்கு மட்டும் தராசு. இலைவழித் தெளிப்புக்கு ஒரு சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 10 கிராம்.